ஆளுக்கு 54 சென்ட்

(காட்சி: பிரிக்கப்படாத திருநெல்வேலி மாவட்டத்தின் வரைபடம். மேற்கே மலை, நடுவே ஆறு, தென்கிழக்கே கடல்.)

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, தென்காசியையும் உள்ளடக்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்தில் 30,77,233 பேர் வசித்தார்கள். சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 460 பேர் என்பது அதன் மக்கள் அடர்த்தி. சதுர கிலோமீட்டர் என்றால் நம் மனத்தில் எந்த இடமும் விரிவதில்லை என்பதால், மனை வாங்கும்போதும் விற்கும்போதும் நாம் பேசுகிற சென்ட்டுக்கு இந்த எண்ணை மாற்றிக்கொள்வோம். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது 247 ஏக்கர்; ஏக்கருக்கு நூறு சென்ட் வீதம் 24,700 சென்ட். அதை 460 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 54 சென்ட் விழும்.

இதே கணக்கில் இந்தியர் ஒருவரின் பங்கு 65 சென்ட், தமிழ்நாட்டவரின் பங்கு 45 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு, பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தாரின் பங்கு 22 சென்ட். சென்னையில் ஒரு சென்ட்கூடத் தேறாது. மங்கோலியாவிலோ ஆளுக்கு நூறு ஏக்கருக்கு மேல் வரும். உலகின் நிலம் முழுவதையும், பனி மூடிய அண்டார்டிகாவையும் சேர்த்து, 800 கோடிப் பேருக்கு அளந்து கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் நாலரை ஏக்கர் கிடைக்கும். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாலரை ஏக்கரில் பெரும்பகுதி பாலைவனமாகவும் பனியாகவும் மலையாகவும் இருக்கும் என்பதைப் பத்திரம் எழுதுகிறவர் சொல்லமாட்டார்.

நம் 54 சென்ட்டிலும் அந்தச் சிக்கல் உண்டு.

(காட்சி: பாபநாசம் மலையிலிருந்து ஆற்றைப் பின்தொடரும் மேற்பார்வைக் காட்சி.)

எகிப்து நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர், நாட்டின் பரப்பில் இருபதில் ஒரு பங்கே வரும் நைல் நதியின் கரைகளிலும் கழிமுகத்திலும் நெருங்கி வாழ்கிறார்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணி, நைலின் முன்னால் ஓர் ஓடை என்றே சொல்ல வேண்டும்; அதன் நீளம் 130 கிலோமீட்டரைக்கூட எட்டாது. எனினும் மக்களைத் தன் கரைக்கு இழுத்துக் குடியமர்த்தும் வேலையை இரண்டும் ஒரே விதமாகத்தான் செய்திருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் தாமிரபரணிக்கு நீர் கொடுக்கின்றன. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அந்த நீரைக் கால்வாய்களில் திருப்பிவிடுகின்றன. கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், நெல் விளைந்த இந்தப் படுகையில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஊர்கள் அடுத்தடுத்து வருவதும், 2011இல் 4.7 லட்சம் பேரைக் கொண்டிருந்த திருநெல்வேலி மாநகரம் இதே ஆற்றின் இரு கரைகளிலும் வளர்ந்ததும் தற்செயலானவை அல்ல.

ஆற்றங்கரை ஊர் ஒன்றை அருகில் சென்று பார்த்தால், நெருக்கத்துக்குள்ளும் ஒரு மேடுபள்ளம் தெரியும். நஞ்சை விலைமதிப்புள்ளது என்பதால் யாரும் அதில் வீடு கட்டவில்லை. வயலைவிடச் சற்று மேடான நத்தத்தில், பக்கத்து வீட்டுச் சுவரைத் தன் சுவராகக் கொண்டு, வாசலில் நின்றால் புழக்கடை வரை நேராகத் தெரியும்படி, அகலம் குறைந்து நீளம் மிகுந்த வீடுகளை வரிசையாக எழுப்பினார்கள். தெருவில் எதிரெதிர்த் திண்ணைகளில் இருப்பவர்கள் குரலை உயர்த்தாமலே பேசிக்கொள்ளலாம். அந்தத் தெரு முடிகிற இடத்தில் வயக்காடு தொடங்கி, கண்ணுக்கெட்டிய வரை ஒரு கூரைகூட இல்லாமல் விரிந்து கிடக்கும். சராசரி என்ற எண் அந்தத் தெருவையும் இந்த வயலையும் கலந்து, இரண்டிலும் இல்லாத ஓர் ஊரை உண்டாக்கிவிடுகிறது.

(காட்சி: செம்மண் தேரி, பனைமரங்கள், தொலைவில் காற்றாலைகள்.)

பாளையங்கோட்டையிலிருந்து திசையன்விளைக்குப் பேருந்தில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் நெல் மறைந்து பனை வந்துவிடும். இங்கே மழை குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று அள்ளிக் குவித்த செம்மணல்தான் தேரி. அதே காற்றில் இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. அவை நிலத்தை நிரப்புகின்றனவே தவிர, குடியேற்றத்தைப் பெருக்குவதில்லை. மேற்கே மலைப்பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் சுமார் 900 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. அதில் குடியிருப்புகள் மிகச் சில. காட்டையும் தேரியையும் கழித்துவிட்டுப் பார்த்தால் நம் பங்கு 54 சென்ட்டிலிருந்து வெகுவாகச் சுருங்கும்.

நீர் எங்கே நின்றது என்பதை ஊர்ப் பெயர்களே சொல்லிவிடும். ஆலங்குளம் குளத்தையும், நாங்குநேரி ஏரியையும் பெயரிலேயே வைத்திருக்கின்றன. கடலைக் காணாத கோபாலசமுத்திரமும் ரவணசமுத்திரமும் சமுத்திரங்களாக இருக்கின்றன. தெற்கே செல்லச் செல்லக் குளம் குறைந்து, மேட்டுத் தோட்ட நிலத்தைக் குறிக்கும் விளை என்று முடியும் பெயர்கள் மிகுகின்றன.

நீர் குறைந்த இடங்களிலும் நெருக்கமான ஊர்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கெல்லாம் வேறொரு பிழைப்பு நீரின் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. முக்கூடல், ஆலங்குளம் வட்டாரங்களில் அது பெரும்பாலும் பீடித்தொழில். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இலையை அளவாக நறுக்கித் தூளை வைத்துச் சுருட்டி நூலால் கட்டும் பெண்களின் கூலி, பொய்த்துப்போன மழைக்கு ஈடுகொடுத்துக் குடும்பங்களை ஊரில் நிறுத்தியிருக்கிறது.

இந்த இடத்தில் கணக்கெடுப்பின் விதி ஒன்றை மறுத்துப் பேசத் தோன்றுகிறது. நகராட்சியோ பேரூராட்சியோ இல்லாத ஓர் ஊர் நகரமாகக் கணக்கில் ஏற வேண்டுமானால், அங்கே குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்யும் ஆண்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். ஆண்களை மட்டும் பார்க்கிற இந்த விதியின்படி, கணவன் வயலுக்குப் போக மனைவி பீடி சுற்றும் வீடுகள் நிறைந்த ஊர் கிராமமாகவே நிற்கும். வீட்டின் வருமானம் எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதை அது கேட்பதில்லை.

(காட்சி: கொற்கை, பழையகாயல், தூத்துக்குடி மூன்றையும் இணைக்கும் கோடு.)

மக்கள் திரண்ட இடம் எக்காலத்துக்கும் அப்படியே இருந்துவிடுவதில்லை. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே அமைதியாகக் கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலை விலக்கத் துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. காயலும் தூர்ந்த பிறகு வாணிகமும் மக்களும் தூத்துக்குடிக்குப் போனார்கள்.

இன்றைய நகர்வுக்கு வண்டல் தேவைப்படவில்லை. 2011இல் நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 943 பெண்கள் இருந்தபோது, திருநெல்வேலி மாவட்டத்தில் 1,023 பெண்கள் இருந்தார்கள். ஆண்கள் வெளியூர் போய்ப் பிழைப்பதும் அதற்கு ஒரு காரணம். சென்னையின் அண்ணாச்சி கடைகளிலும், மும்பையின் தாராவியிலும், வளைகுடா நாடுகளிலும் இந்த மாவட்டத்தார் சிதறிக் கிடக்கிறார்கள். கோயில் கொடைவிழா நடக்கும் இரண்டு நாள்களில் அவர்கள் ஊருக்கு வந்து சேரும்போது, தெருவில் கார் நிறுத்த இடம் இருக்காது. மூன்றாம் நாள் காலையில் பூட்டுகள் மறுபடியும் தொங்கும். கணக்கெடுப்பு நடந்ததோ பிப்ரவரி மாதத்தில். வரவிருக்கும் 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் நம் பகுதியில் ஆளெண்ணுவது பிப்ரவரியில்தான். பூட்டிய வீடு பூட்டிய வீடாக இங்கே பதிவாகும். வீட்டுக்காரர் ஒரு சென்ட்கூடத் தேறாத சென்னையின் கணக்கில் ஏறுவார்.