வாக்குப்பெட்டியா, வேலைத்தளப் பண்பாடா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தொழிற்சங்க ஜனநாயகத்தைக் காப்பது ரகசிய வாக்கெடுப்பா, தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசி, கேள்வி கேட்டுப் பழகும் வேலைத்தளப் பண்பாடா என்பது கேள்வி. பண்பாடுதான் என்பது எங்கள் அணி. "கையில் வாக்குச்சீட்டு இருந்தால் எந்தத் தலைவரும் வாலாட்ட முடியாது" என்று எதிரணித் தலைவர் முழங்கினார். நானும் கைதட்டினேன், பேச்சு அப்படி! ஆனால் வரலாறு வேறு மாதிரி சொல்கிறதே, ஐயா.

அமெரிக்காவில் சங்கத் தேர்தலுக்கு ரகசிய வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் 1959இல் வந்தது. பத்து வருஷம் கழித்து, 1969 டிசம்பரில், சுரங்கத் தொழிலாளர் சங்கத் தேர்தல். தலைவர் டோனி பாய்லை எதிர்த்து ஜோசப் யாப்லான்ஸ்கி நின்றார், தோற்றார். முறைகேடு என்று புகார் கொடுத்தார். அந்த ஆண்டின் கடைசி நாள் இரவில் அவரும் மனைவியும் மகளும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலைக்கு ஏற்பாடு செய்தவர் பாய்ல்தான் என்று பின்னால் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இருந்தது, சீட்டு இருந்தது, பெட்டியும் இருந்தது. கேள்வி கேட்பவனைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம்தான் சங்கத்தில் இல்லை.

அப்புறம் என்ன ஆனது? சாதாரணச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஓர் அமைப்பு கட்டினார்கள். நீதிமன்றம் பழைய தேர்தலை ரத்து செய்தது. 1972 மறுதேர்தலில் பாய்ல் தோற்றார். அப்போதும் அதே பெட்டிதான் வைத்தார்கள். மாறியது யார்?

இதற்கு நேர்மாறு அமெரிக்க அச்சுத் தொழிலாளர் சங்கம். அங்கே சங்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சிகள் இருந்தன. ஆட்சியில் இருப்பவர் தோற்பார், தோற்றவர் மறுபடி நிற்பார், யாரும் யாரையும் துரோகி என்று துரத்தவில்லை. ஏன் என்று லிப்செட் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 1950களில் தோண்டிப் பார்த்தார்கள். இரவு ஷிஃப்டால் அந்தத் தொழிலாளர்களுக்கு நட்பு, விளையாட்டு, மன்றம் எல்லாம் சக தொழிலாளர்களோடுதான். சங்க விஷயம் தலைமை அலுவலகத்தைத் தாண்டி அங்கெல்லாம் அலசப்பட்டது. தலைவர் சொன்னதைச் சரிபார்க்க அவர்களுக்கு வேறு இடம் இருந்தது. நான் சொல்லும் பண்பாடு இதுதான்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. வேலைநிறுத்த வாக்கெடுப்பை 1993இல் முழுக்கத் தபாலுக்கு மாற்றினார்கள். 2016இல் பாதிப் பேராவது வாக்களித்தால்தான் செல்லும் என்றார்கள். சக தொழிலாளியோடு பேசி முடிவெடுக்க வேண்டியவன் கையில் ஒரு தபால் உறை! அப்புறம் வாக்கு குறைகிறது என்று அவனையே குறை சொன்னால் எப்படி?

அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கத்தில் 2022இல் உறுப்பினர்களே தலைமைக்கு வாக்களிக்கும் நேரடித் தேர்தல் நடந்தது. போன சீட்டுகள் பத்து லட்சத்துக்கும் மேல். வந்தவை ஏறத்தாழ ஒரு லட்சம். "அந்தத் தேர்தல்தானே புதிய தலைமையைத் தந்தது?" என்பார் எதிரணி. சரி, தந்தது. அந்த நேரடி வாக்குரிமையைக் கேட்டு சங்கத்துக்குள் குழு அமைத்துப் போராடியது யார்? பெட்டியா?

ரகசியம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கைதூக்கச் சொல்லி மிரட்டும் காலம் திரும்பக் கூடாது. ஆனால் அடுத்து வரும் எதிரணித் தோழர் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும்: கிளைக் கூட்டத்தில் எழுந்து "சந்தா கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்க ஒருவர்கூடத் துணியாத சங்கத்தில், தலைவரை எதிர்த்து வேட்புமனு போடப்போவது யார்?