வலி எந்தப் பக்கம் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். நான் ஓர் இயன்முறை மருத்துவர். பிசியோதெரபி என்று சொன்னால்தான் வேலூரில் சட்டென்று புரியும். இடுப்பிலிருந்து கால்வரை இழுத்துக்கொண்டு போகிற சயாட்டிகா வலியையும் அதற்கு ஏற்ற யோகாசனங்களையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

போன வருடம் குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வீட்டிலேயே பீடி சுற்றுகிறவர். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். இடது பிட்டத்தில் மட்டும் பாரத்தைப் போட்டு, வலது பக்கத்தைத் தூக்கியே வைத்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. "கெண்டக்கால்ல சுண்டிச் சுண்டி இழுக்குது சார். கட்டவெரலு மதமதன்னு கீது. மூணு மாசமா தைலம் தேய்க்கிறேன்" என்றார். கெண்டைக்கால் தைலத்தில் பளபளத்தது. இடுப்பில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. கால்தானே வலிக்கிறது, இடுப்பில் எதற்குத் தேய்ப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

காலிங் பெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டன் வாசலில் இருக்கிறது, சத்தம் கூடத்தில் கேட்கிறது. சத்தம் வருகிற பெட்டியைத் துடைத்து என்ன பயன்? கீழ் முதுகிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் வெளியே வந்து, ஒன்றாகச் சேர்ந்து, பிட்டத்துக்குள் புகுந்து, தொடையின் பின்புறமாக இறங்குகின்றன. உடம்பிலேயே தடித்த நரம்பு இதுதான்; பிட்டத்தருகே கிட்டத்தட்டக் கட்டைவிரல் பருமன் இருக்கும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இரண்டாகப் பிரிந்து பாதம்வரை போகிறது. மேலே வேரை எது அழுத்தினாலும் கத்துவது கால்தான். கால் கட்டைவிரல் மரத்துப்போனால், அழுத்தப்படுவது பெரும்பாலும் ஐந்தாவது இடுப்பு வேர். சுண்டுவிரலும் பாதத்தின் வெளி ஓரமும் மரத்துப்போனால் அதற்கு அடுத்த வேர். அந்த அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் வலது காலை மெதுவாகத் தூக்கினேன். பாதி உயரம்கூடப் போகவில்லை, "ஐயோ, போதும்" என்றார்.

சரி, வேரை எது அழுத்துகிறது? முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பதை டாக்டர்கள் டிஸ்க் என்பார்கள், நம்மூரில் ஜவ்வு. வெளி வளையம் கெட்டியாகவும் உள்ளே கொழகொழவென்றும் இருக்கும். வளையம் விரிசல் விட்டால் உள்ளே இருப்பது பின்பக்கமாகப் பிதுங்கி நரம்பு வேரை இடிக்கும். இடித்த இடத்தில் அழற்சியும் சேர்ந்துகொள்ளும். இந்தச் சங்கதி தெளிவானது 1934இல்தான். பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் அதை எழுதிக் காட்டினார்கள். குனிந்தே வேலை செய்வது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வயது, குடும்ப வாகு, பளு தூக்குவது எல்லாம் உண்டு. புகைபிடிப்பதும் ஜவ்வைக் கெடுக்கும். பீடி சுற்றுகிறவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பிடிப்பதில்லை, சுற்றத்தான் செய்கிறார்.

"ஜவ்வு விலகிடுச்சாம் சார், இனிமே நடக்கவே முடியாதாம்" என்று ஸ்கேன் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேர். ஒரு வலியும் இல்லாத ஆட்களைப் பிடித்து ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு ஜவ்வு பிதுங்கித்தான் தெரியும். பிதுங்கியதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவதும் உண்டு. ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலோருக்கு வலி நன்றாக இறங்கிவிடுகிறது. இறங்குகிறவரை எப்படி ஓட்டுவது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "மூன்று வாரம் படுக்கையைவிட்டு எழுந்திருக்காதீர்கள்" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. படுத்தவர்கள் இளைத்துப்போய் எழுந்தார்கள், வலி அப்படியே இருந்தது. இன்றைக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. தாங்க முடியாத வலி என்றால் ஒரு நாள், இரண்டு நாள் படுங்கள். அப்புறம் எழுந்து வீட்டுக்குள்ளேயாவது நடங்கள். தெம்பு வந்ததும், விடியற்காலையில் கோட்டைப் பக்கம் நடக்கிறார்களே, அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். நம்மூர் வெயிலுக்கு ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும், அது வேறு விஷயம்.

யோகாவுக்கு வருவதற்கு முன்னால் ஒரு கதை. 1956, நியூசிலாந்தின் வெலிங்டன் நகரம். ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், கால் வலியோடு வந்த ஒருவரை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். முந்தின ஆளுக்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைத்தவர்கள் இறக்க மறந்திருந்தார்கள். வந்தவரும் அப்படியே, முதுகு பின்னால் வளைந்தபடி படுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்த மெக்கென்சிக்குப் பகீர் என்றது. அவரோ, "பல வாரமாக இவ்வளவு சுகமாக இருந்ததில்லை" என்றாராம். கால் வலி போய்விட்டிருந்தது.

குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குகிற நம் புஜங்காசனம்தான் கிட்டத்தட்ட, ஆள் அசையாமல் செய்திருக்கிறார்.

மெக்கென்சி அதிலிருந்து பிடித்துக்கொண்ட அடையாளத்தை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஓர் ஆசனம் செய்யும்போது வலி பாதத்திலிருந்து கெண்டைக்காலுக்கு, அங்கிருந்து தொடைக்கு, அப்புறம் இடுப்புக்கு என்று மேலே ஏறினால் அது உங்களுக்கு ஏற்ற ஆசனம். இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் பயப்படாதீர்கள். அதுவே கீழே இறங்கி விரலைத் தொட்டால், யார் சொல்லிக்கொடுத்த ஆசனமாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

முதலில் மகராசனம். குப்புறப் படுத்துச் சும்மா மூச்சு விடுங்கள், ஐந்து நிமிடம். அடுத்து முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குங்கள். வலி மேலே ஏறுகிறது என்றால் சில நாள் கழித்துக் கையை நீட்டி முழு புஜங்காசனம். தொப்புள் தரையைவிட்டு எழ வேண்டாம். வலி ஆறிய பிறகு, மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்குகிற சேதுபந்தாசனம், குப்புறப் படுத்து ஒரு காலை மட்டும் தூக்குகிற ஒற்றைக்கால் சலபாசனம். நின்று குனிந்து பாதத்தைத் தொடுகிற பாதஹஸ்தாசனம், கால் நீட்டி உட்கார்ந்து குனிகிற பச்சிமோத்தாசனம், மல்லாக்கப் படுத்துக் காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகிற ஹலாசனம் மூன்றையும் வலி இருக்கிறவரை தொடாதீர்கள். கால் இழுக்கிறதே, குனிந்து நீட்டிவிட்டால் சரியாகும் என்று தோன்றும். இழுத்துக் கட்டிய நரம்பை மேலும் இழுப்பதுதான் அது.

அறுபதைத் தாண்டியவர்கள் பலருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். ஜவ்வைவிட, நரம்பு போகிற வழியே குறுகிப்போயிருக்கும். நாலு தெரு நடந்தால் கால் கனக்கும், உட்கார்ந்தால் சரியாகும், சைக்கிள் ஹேண்டில்பாரில் சாய்ந்தபடி தள்ளிக்கொண்டு போனால் வலிக்காது. இவர்களுக்குப் பின்னால் வளைந்தால் வலி கூடும். மல்லாக்கப் படுத்து முழங்காலை வயிற்றோடு அணைக்கிற பவனமுக்தாசனம்தான் இதம். அதனால் தெருவில் ஒருவருக்குக் குணமானது என்று அதையே நீங்களும் செய்யாதீர்கள்.

பேரனைக் கூப்பிட்டு முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதை விட்டுவிடுங்கள். மாத்திரை டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும். அறுவை சிகிச்சையைப் பற்றி நிறையப் பயம் இருக்கிறது. 2007இல் நெதர்லாந்தில் வந்த ஆய்வு ஒன்றில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது, ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் காத்திருந்தவர்களும் அதே நிலையில்தான் இருந்தார்கள். ஆக, பலருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது.

சிலருக்கு நேரமே கிடையாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, சைக்கிள் சீட் படுகிற இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் தொய்ந்தாலோ அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நடக்கும்போது ஒரு காலில் செருப்பு அடிக்கடி கழன்றுவிடுகிறதா? பாதத்தைத் தூக்கும் சக்தி குறைந்துகொண்டிருக்கலாம், அதையும் தள்ளிப்போடாதீர்கள். முதுகு வலியோடு சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குடியாத்தம் அம்மாவிடம் ஆசனத்தைவிட உட்காருவதைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள், கீழே ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள், மடியில் இருக்கிற முறத்தைத் தலையணை வைத்து உயர்த்துங்கள், நாலு கட்டு முடிந்ததும் எழுந்து நில்லுங்கள் என்றேன். "எழுந்தா கணக்கு கொறையும் சார், ஆயிரம் பீடிக்குத்தான கூலி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டு போடுகிற வேலையை மட்டும் ஜன்னல் திண்டில் வைத்து, நின்றுகொண்டே செய்தார். ஐந்து வாரம் கழித்து வந்தபோது, "வலி எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டேன். நாற்காலியில் இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்திருந்தவர், யோசித்து, கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். வணக்கம்.