நாலு மணி பஜ்ஜிக்கு நாம் சொல்லும் காரணம் உண்மைதானா?

[திரையில்: கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு டீக்கடை. மாலை நான்கு மணி. எண்ணெய்ச் சட்டியில் வாழைக்காய் பஜ்ஜி பொரிகிறது.]

கிண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மாலை நான்கு மணி ஆனதும் அவர் கணினியை அப்படியே விட்டுவிட்டு, உடன் வேலை செய்யும் இருவரோடு தெருமுனை டீக்கடைக்குப் போகிறார். ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் முடித்துக்கொண்டு திரும்புகிறார். இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவரும் குறைக்கவே நினைக்கிறார். புத்தாண்டில் ஒரு முறை, பொங்கல் கழிந்து ஒரு முறை என உறுதி எடுத்ததும் உண்டு; இரண்டுமே சில நாட்களில் கரைந்துபோயின. ஏன் என்று கேட்டால் தயங்காமல் பதில் வருகிறது: "நாலு மணிக்குப் பசி தாங்க முடியலை சார்."

இந்தக் காணொளி முழுவதும் அந்த ஒரு பதிலைத்தான் ஆராயப் போகிறோம். பழக்கத்தை மாற்ற மன உறுதி வேண்டும் என்பது ஊரறிந்த அறிவுரை. அதற்கும் முன்னதாகச் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: நம் பழக்கத்துக்கு நாமே சொல்லிக்கொள்ளும் காரணத்தை, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய செய்தியைப் பார்ப்பதுபோலச் சற்று ஐயத்தோடு பார்த்துச் சோதிப்பது. காரணத்தைத் தவறாகப் பிடித்துக்கொண்டால், எவ்வளவு உறுதி இருந்தாலும் அது வேறெங்கோதான் போய்ச் சேரும்.

நம் செயலுக்கான காரணம் நமக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1977-ல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கேள்விக்கு எரிச்சலூட்டும் விடையைத் தருகிறது. கடைக்கு வந்தவர்கள் முன் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, இவற்றுள் தரமானது எது என்று கேட்டார்கள். நான்கும் ஒன்றேபோன்றவை. ஆனாலும் மற்ற எதையும்விட வலது ஓரத்தில் இருந்ததையே அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் அதை எடுத்தீர்கள் என்று விசாரித்தபோது, அது இருந்த இடத்தை ஒருவர்கூடக் காரணமாகச் சொல்லவில்லை; இடம் காரணமாக இருக்கலாமோ என்று கேட்டதற்கும் ஏறத்தாழ எல்லோரும் மறுத்தார்கள். தி.நகரில் இருபது சேலைகளைப் பிரித்துப் போடச் சொல்லி, கடைசியில் கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு, "இந்த பார்டர்தான் பிடிச்சுது" என்று வீட்டில் விளக்கம் சொல்பவர்கள் இந்த ஆய்வைக் கேட்டுச் சங்கடப்படலாம்.

பொய் சொல்லும் எண்ணம் அவர்களில் யாருக்கும் இருந்ததாகக் கொள்ளவேண்டியதில்லை. செயல் முடிந்த பிறகு, அதற்குப் பொருத்தமாகத் தோன்றும் ஒரு விளக்கத்தை மனம் தயாரித்துக் கொடுக்கிறது. அதையே நாம் காரணம் என்று நம்புகிறோம். "பசி" என்ற பதிலும் அப்படித் தயாரானதாக இருக்கக்கூடும். உண்மையான காரணமாகவும் இருக்கக்கூடும். உட்கார்ந்த இடத்தில் யோசித்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

[திரையில்: கோடு போட்ட நோட்டுப் புத்தகம். ஐந்து கட்டங்கள்.]

ஆகவே முதல் வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். பஜ்ஜி தாராளமாக நடக்கட்டும். ஒரு சிறிய நோட்டில் ஐந்து செய்திகளை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள்: மணி என்ன, எங்கே இருந்தார், யார் கூப்பிட்டார்கள், அதற்குச் சற்று முன் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், என்ன காரணம் என்று அவருக்குத் தோன்றுகிறது. இதில் ஒரு கண்டிப்பு உண்டு: காரணத்தை நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் டீ குடித்துத் திரும்பிய பின் எழுதும் காரணம் பெரும்பாலும் வக்கீல் வாதமாகத்தான் இருக்கும்.

நோட்டு நிரம்பியதும் ஒரே காரணம் பலவாகப் பிரியும். பசி இருக்கலாம். மதியத்திலிருந்து திரையைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு வெளிக்காற்று தேவைப்பட்டிருக்கலாம். அந்த இருவரோடு பேசும் கால் மணி நேரம்தான் உண்மையில் வேண்டியிருந்ததோ என்னவோ. மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் பஜ்ஜி இரண்டிலிருந்து நான்காகியிருந்தால், வேலையின் அலுப்பும் பட்டியலில் சேர்கிறது. இவற்றுள் நமக்குப் பிடித்த காரணத்தை ஏற்றுக்கொள்ளும் அவசரத்தைத்தான் இங்கே அடக்க வேண்டும்.

அதற்கான வழி, ஒவ்வொரு காரணத்தையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பது: இது தவறென்றால் அது எனக்கு எப்படித் தெரியவரும்? பசிதான் காரணமென்றால், மூன்றரை மணிக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலைச் சாப்பிட்ட நாளில் நான்கு மணிக்குக் கால் டீக்கடைப் பக்கம் இழுக்கக் கூடாது. சுண்டல் தீர்ந்த பிறகும் இழுக்கிறது என்றால், ஒரு நாளை வைத்துத் தீர்ப்பு எழுதாமல் மூன்று நான்கு நாட்கள் பார்த்துவிட்டு, பசியைப் பட்டியலில் கீழே தள்ளலாம். கூட்டுச் சேர்க்கைதான் காரணமென்றால், அந்த இருவரும் விடுப்பில் இருக்கும் நாளில் அவர் தனியாகப் போகிறாரா என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிக்காற்றுதான் வேண்டும் என்றால், அதே கால் மணி நேரம் எதிர்த்திசையில் நடந்துவிட்டு வந்தால் மனம் அடங்கிவிட வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது முக்கியம். சுண்டலும் சாப்பிட்டு, எதிர்த்திசையிலும் நடந்து, தனியாகவும் போனால், எது வேலை செய்தது என்பது யாருக்கும் தெரியாது.

நம் கற்பனை மனிதருக்குச் சுண்டலால் பலன் இல்லை, தனியாக இருந்த நாளில் டீக்கடை நினைவே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது நிலைமை மாறிவிட்டது. அவர் விடவேண்டியது என்று நினைத்திருந்த அந்த நடையை விடவேண்டிய அவசியமே இல்லை. இருவரோடும் போகலாம், டீயும் குடிக்கலாம். பஜ்ஜி தட்டில் வந்து விழும் அந்தக் கணத்தை மட்டும் சமாளித்தால் போதும். இரண்டு முறை உறுதி எடுத்தபோது அவர் நண்பர்களையும் சேர்த்து இழக்க வேண்டியிருந்தது. அதனால்தான் உறுதி நிற்கவில்லை என்பது என் கணிப்பு.

[திரையில்: திரையரங்கு. மடியில் பாப்கார்ன் பொட்டலம்.]

அந்தக் கணம் ஏன் அத்தனை வலுவாக இருக்கிறது? டேவிட் நீல், வெண்டி வுட் ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், திரையரங்கில் சிலருக்குப் புதிதாகப் பொரித்த பாப்கார்னையும், சிலருக்கு ஏழு நாள் பழையதையும் கொடுத்தார்கள். படம் பார்க்கும்போது பாப்கார்ன் கொறித்தே பழகியவர்கள், நமுத்துப்போனது பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, புதியதைச் சாப்பிட்டவர்கள் அளவுக்கு அதையும் சாப்பிட்டார்கள். இருட்டு, திரை, இருக்கை ஆகியவை சேர்ந்து கையை இயக்கியிருக்கின்றன. சாதாரணக் கூட்ட அறையில் இதே சோதனையைச் செய்தபோது அது நடக்கவில்லை. இன்னும் சுவையான செய்தி, திரையரங்கிலேயே வழக்கமில்லாத கையால் சாப்பிடச் சொன்னதும் பழைய பாப்கார்னைச் சாப்பிடுவது குறைந்துவிட்டது. பழக்கத்தின் ஓட்டத்தில் சிறு தடங்கல் வந்தவுடன், பிடிக்கிறதா இல்லையா என்ற தீர்ப்புக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

ஆகவே நம்மவர் சட்டிக்கு எதிரே நிற்கும் வழக்கமான இடத்தை மாற்றி, டீ பாய்லர் பக்கம் போய் நிற்கலாம். "மூணு டீ, ஆறு பஜ்ஜி" என்று கடைக்காரர் தாமாகவே எடுத்துவைக்கும் முன், "அண்ணே, எனக்கு டீ மட்டும்" என்று முதல் ஆளாகச் சொல்லிவிடலாம். இப்படி "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் திட்டத்தை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். "இனிமேல் குறைத்துக்கொள்வேன்" என்ற பொதுவான எண்ணத்தைக் காட்டிலும், இடமும் நேரமும் குறித்த திட்டம் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்பது அவர் கண்டது. சிந்தனை வேண்டிய நேரம் காலை பத்து மணி. நான்கு மணிக்குப் பஜ்ஜி வாசனையில் நின்றுகொண்டு யாரும் நடுநிலையாகச் சிந்திப்பதில்லை.

நமக்குள்ளிருந்து வரும் காரணங்களைப் போலவே, வெளியிலிருந்து வரும் எண்களையும் சோதிக்கலாம். 21 நாட்களில் பழக்கம் படிந்துவிடும் என்று கேட்டிருப்பீர்கள். அதன் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960-ல் எழுதிய ஒரு குறிப்பு. அறுவைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்கள் ஆனதைத்தான் அவர் குறித்திருந்தார். "குறைந்தது" என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

இதை மறுப்பவர்கள் 66 நாட்கள் என்பார்கள். அந்த எண் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் 84 நாட்கள் நடத்திய ஆய்விலிருந்து வந்தது. அதையும் அப்படியே விழுங்கிவிட வேண்டாம். 66 என்பது இடைநிலை மதிப்பு; அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவாகவும், பாதிப் பேருக்கு அதைவிட அதிகமாகவும் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வித்தியாசம் இருந்தது. 84 நாள் ஆய்வில் 254 எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் நல்லது: பழக்கம் நாளுக்கு நாள் படிவதைக் காட்டும் வரைகோட்டை முன்னோக்கி நீட்டிக் கணித்த எண் அது. கோடு நன்றாகப் பொருந்தியதும் 39 பேருக்குத்தான். அவர்கள் ஆராய்ந்தது புதிய பழக்கம் ஒன்றைத் தொடங்குவதை. பழைய பழக்கத்தை விடுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை.

அந்த ஆய்வில் நமக்கு உடனே பயன்படும் இன்னொரு முடிவு, இடையில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை என்பது. அக்டோபரில் பருவமழை பிடித்துக்கொண்டால் பெசன்ட் நகர் கடற்கரையில் காலை நடை போகிறவர்களுக்கு இது தேவைப்படும். ஒரு நாள் மழையால் நடை நின்றுபோனதை வைத்து "நமக்கு இது ஒத்துவராது" என்று சொல்வது, ஒரு சான்றை வைத்து எழுதும் தீர்ப்பு. நான்கு நாள் தொடர்ந்து நின்றால் திட்டத்தில் மழைக்கு இடம் வைக்கவில்லை என்று பொருள். வீட்டு மாடிப்படியோ மொட்டைமாடியில் கூரை போட்ட இடமோ திட்டத்துக்குள் வர வேண்டும்.

புகையிலைக்கும் மதுவுக்கும் இந்த நோட்டுப் புத்தகம் போதாது. அங்கே உடலே பொருளைச் சார்ந்து நிற்கிறது. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்தாகவும் முடியலாம் என்பதால் மருத்துவரிடம் போவதே முதல் வேலை. புகையிலையை விட விரும்புகிறவர்கள் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

[திரையில்: அந்த எண்.]