பாட்டு போன இடத்தில் என்ன வந்தது?

[கறுப்புத் திரை. துப்பாக்கி வெடிக்கும் சத்தம் மட்டும்.]

சிவாஜி கணேசன் சுடப்பட்டுக் கீழே விழுகிறார். செத்துவிட்டார். படத்தின் தொடக்கமே இதுதான்.

'பராசக்தி' வந்து இரண்டே வருடம் ஆகியிருந்த நேரம் அது. கோர்ட்டில் அவர் பேசிய வசனத்தை ஊரே மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நடிகரை, ஜனங்கள் கொட்டகையில் சரியாக உட்காருவதற்கு முன்பே கொன்றுவிட்டு, கடைசிவரை ஒரு பாட்டுகூட வைக்காமல் ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். 1954இல். படத்தின் பெயர் 'அந்த நாள்'. ஏவி.எம். தயாரிப்பு.

வணக்கம். எனக்கு 17 வயது. பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத்தேர்வு இருக்கிற வருடத்தில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் ஏற்கனவே கேட்டாகிவிட்டது, அதனால் நீங்கள் கேட்க வேண்டாம்.

இன்றைக்குப் பாட்டே இல்லாத தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ரொம்ப நாளாக நான் பாட்டு வந்தால் ஓட்டிவிடுகிற ஆள். மொபைலில் பத்துப் பத்து நொடியாகத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். 'பாட்டு இல்லாத படம்தான் தரமான படம்' என்று வகுப்பில் பெரிய பேச்சு வேறு பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சை உடைத்தவர் என் தாத்தா.

[டூரிங் டாக்கீஸ் ஓவியம்: கீற்றுக் கூரை, மணல் தரை, ஒற்றைப் புரொஜெக்டர்.]

தாத்தா அந்தக் காலத்தில் நத்தம் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். ஒரே புரொஜெக்டர்தான். ஒரு சுருள் முடிந்தால் அடுத்ததை மாட்டுகிறவரை படம் நிற்கும். அதனால் ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. அது போதாது என்று, பாட்டு வந்தாலும் பாதிக் கொட்டகை எழுந்து வெளியே போய்விடுமாம். பீடி, சோடா, ஒதுங்குகிற வேலை எல்லாம் அப்போதுதான். முறுக்கு விற்கிறவருக்கு எந்தப் படத்தில் எத்தனையாவது நிமிடம் பாட்டு வரும் என்று அத்துப்படி. தட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தயாராக நிற்பாராம்.

"பாட்டுன்னா சும்மா வாயசைக்கிறதுன்னு நெனச்சியாத்தா? அதுக்குன்னு ஒரு வேல இருக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பிடித்துக்கொண்டது. வேலை. பாட்டு ஒரு படத்துக்குள் என்னென்ன வேலை செய்கிறது? காதலை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொடுக்கிறது. வருடங்களைத் தாண்ட வைக்கிறது. கதாநாயகன் யார் என்று அறிமுகப்படுத்துகிறது. சரி, பாட்டை எடுத்துவிட்டால் அந்த வேலையை யார் பார்ப்பது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்தப் படங்களை மறுபடி பார்த்தேன். வேறு படங்களாகத் தெரிந்தன.

அதற்கு முன்னால் ஒரு சின்னத் தகவல். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. அதில் ஏறக்குறைய 50 பாட்டு. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். நாடக மேடையிலிருந்து வந்த சினிமா. மேடையில் பாடத் தெரியாதவருக்கு இடமே கிடையாது, அதனால் திரையிலும் பாடினார்கள். அங்கிருந்து 23 வருடத்தில் 50 பாட்டு பூஜ்யத்துக்கு வந்தது என்றால் சாதாரண விஷயமா?

பூஜ்யமாக்கியவர் யார் தெரியுமா? எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர் என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று தெரியும். நாடறிந்த வீணை வித்வான்! வாழ்க்கை முழுக்க இசையிலேயே இருந்த மனிதர், தன் படத்தில் ஒரு பாட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இதை முதலில் படித்தபோது பெயர்க் குழப்பம் என்றுதான் நினைத்தேன். கே. பாலசந்தர் வேறு, இவர் வேறு, அது தெரியும். ஆனால் வீணைக்காரரும் இயக்குநரும் ஒரே ஆள்தான்.

[வரைபடம்: சென்னைத் துறைமுகம், மேலே ஒரு விமானம்.]

கதை இது. இரண்டாம் உலகப் போர். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டது, நிஜமாகவே நடந்த சம்பவம். அதற்கு மறுநாள் ராஜன் என்கிற ரேடியோ இன்ஜினியர் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். சி.ஐ.டி. அதிகாரியாக ஜாவர் சீதாராமன் வருகிறார், படத்தை எழுதியவரும் அவரே. மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு நாட்டியக்காரி என்று ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். ஆளுக்கொரு ராஜனைச் சொல்கிறார்கள். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'ரஷோமோன்' பார்த்தவர்களுக்கு இந்த முறை பழக்கமாக இருக்கும்.

இதில் பாட்டு ஏன் வர முடியாது என்று யோசித்தேன். எனக்குத் தோன்றிய காரணம்: தமிழ்ப் படத்தில் யாரும் பாட்டில் பொய் சொல்வதில்லை. வசனத்தில் பொய் சொல்வார்கள், கடிதத்தில் பொய் எழுதுவார்கள். ஆனால் பாட ஆரம்பித்துவிட்டால் மனதில் இருப்பது வெளியே வந்துவிடும். அது நமக்கும் அவர்களுக்கும் உள்ள எழுதாத ஒப்பந்தம். 'அந்த நாள்' படத்திலோ வாய் திறக்கிற ஒவ்வொருவரையும் நாம் சந்தேகப்பட வேண்டும். சிவாஜி ஒரு பாட்டு பாடியிருந்தால் ராஜன் எப்படிப்பட்ட ஆள் என்று அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும், படம் அங்கேயே முடிந்திருக்கும்.

இந்தப் படத்துக்குச் சிவாஜி முதலில் யோசித்த ஆள் இல்லை. வேறு நடிகரை வைத்துக் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, திருப்தி இல்லாமல்தான் அவரிடம் போனார்கள். விருது கிடைத்தது, பெயர் கிடைத்தது. வசூல்தான் பெரிதாக இல்லை. பாட்டை எதிர்பார்த்து டிக்கெட் வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் 'வீடு'. பாலு மகேந்திரா, 1988.

இந்தப் படத்தைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'அண்ணாமலை' பார்த்திருப்பீர்கள். ரஜினி பால்காரராக ஒரு பாட்டைத் தொடங்குவார், பாட்டு முடியும்போது பெரிய பணக்காரர். இடையில் எத்தனை வருடம், எத்தனை கடன், எத்தனை இரவு தூக்கம் போனது, எதுவும் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் அதைக் கேலி செய்யவில்லை. அந்தப் பாட்டு வந்தால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். ஆனால் 'வீடு' படத்தில் சுதா என்கிற ஒரு பெண், சாதாரண வேலையில் இருக்கிறவள், தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு ஒரு சின்ன வீடு கட்ட நினைக்கிறாள். நிலம், கடன், லஞ்சம், சிமெண்ட் திருடுகிற கான்ட்ராக்டர். இதை ஒரு பாட்டில் தாண்டிவிட முடியாது. முழுப் படமும் அதுதான். ஒவ்வொரு மூட்டை சிமெண்டும் நம் கைக்காசில் வாங்கியது மாதிரி இருக்கும். என் அப்பா பாதியில் எழுந்து போய்விட்டார். படம் பிடிக்காமல் இல்லை. நாங்களும் வீடு கட்டியவர்கள்.

அதில் ஒரு காட்சி. பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தா வெயிலில் குடையோடு தனியாக வருகிறார். ஜன்னல் இல்லை, கதவு இல்லை, பூச்சு வேலை முடியவில்லை. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சுவரைத் தொடுகிறார். தடவிப் பார்க்கிறார். குழந்தையின் முதுகைத் தடவுகிற மாதிரி. பின்னணியில் இளையராஜாவின் இசை. படத்துக்காகப் புதிதாகப் போட்டதுகூட இல்லை, ஏற்கனவே வந்திருந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்து வைத்தது. இதே இடத்தில் வேறு படமாக இருந்தால் ஒரு சோகப் பாட்டு வந்திருக்கும், நானும் வழக்கம்போல் தள்ளிவிட்டிருப்பேன். இதைத் தள்ளிவிட முடியவில்லை. இரண்டு தடவை பார்த்தேன்.

அந்தத் தாத்தாவாக நடித்தவர் பெயர் சொக்கலிங்க பாகவதர். பாட்டில்லாத படத்துக்குப் பாகவதர்! அர்ச்சனாவுக்கு இந்தப் படத்தில் நடித்ததற்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. பாகவதருக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

[இரவு நகரத் தெரு. மஞ்சள் விளக்கு.]

'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்', 2013, மிஷ்கின் இயக்கி நடித்தது. இளையராஜா இசையமைத்த படம், ஆனால் பாட்டு இல்லை. டைட்டிலில் 'பின்னணி இசை' என்று போடாமல் 'முன்னணி இசை' என்று போட்டிருப்பார்கள். முதலில் சிரித்தேன். பார்த்த பிறகு சரிதான் என்று பட்டது, அவ்வளவு தூரம் இசை முன்னால் நிற்கிறது. சில இடங்களில் ரொம்பவே முன்னால் நிற்கிறது, கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாம் என்றும் தோன்றியது.

பிளாஷ்பேக் வருகிற இடத்தைக் கவனியுங்கள். நம் ஊர் வழக்கப்படி அங்கே ஒரு பாட்டு, மழை, சிரிக்கிற குடும்பம், அப்புறம் ஒரு கத்திக்குத்து. மிஷ்கின் என்ன செய்கிறார்? கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வது போல ஒரு ஓநாய்க் கதை சொல்கிறார். கேமரா நகர்ந்து பழைய காலத்துக்குப் போகவே இல்லை. வெட்டே இல்லாத ஒரே ஷாட். நாமாகத்தான் மனதுக்குள் படம் ஓட்டிக்கொள்ள வேண்டும்.

'கைதி' பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. 2019 தீபாவளி, ஒரே இரவு, லாரி, கதாநாயகியும் இல்லை பாட்டும் இல்லை. எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் படத்தில் அறிமுகப் பாட்டுக்குப் பதில் வருவது பிரியாணி. கார்த்தி கையை நனைத்து அள்ளி அள்ளிச் சாப்பிடுகிற அந்தக் காட்சியில், இவன் எத்தனை வருடமாக உள்ளே இருந்தான் என்று வசனம் இல்லாமலே தெரிந்துவிடுகிறது. கடைசியில் வருகிற பெரிய துப்பாக்கிக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. என் ஓட்டு பிரியாணிக்கு.

'குருதிப்புனல்', 1995, பி.சி. ஸ்ரீராம் இயக்கம், கமல்: பாருங்கள், ஆனால் இரவு சாப்பாட்டுக்கு முன் வேண்டாம். 'விசாரணை'க்கும் அதே எச்சரிக்கை, இரட்டிப்பாக. பாட்டு மட்டுமா, வசனமே வேண்டாம் என்று 1987இல் ஒரு படம் வந்தது, 'பேசும் படம்'. பேசாத படத்துக்கு இந்தப் பெயரா என்று தமிழில் பெயர் வைத்தவரைப் பார்த்தால் கை குலுக்குவேன். அதில் ஐஸ் கத்தியால் கொலை செய்ய ஒருவன் வருவான், கத்தி உருகிவிட்டால் சாட்சி இல்லை. மீதியை நீங்களே பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரு படி மேலே போனது 'கொட்டுக்காளி', 2024, பி.எஸ். வினோத்ராஜ். பாட்டு இல்லை, பின்னணி இசையும் இல்லை. காலில் கயிறு கட்டிய சேவல், ஆட்டோ என்ஜின், தொண்டை கட்டிப்போன சூரியின் கரகரக் குரல், வண்டுச் சத்தம். மீனாவாக வரும் அன்னா பென் ஏறக்குறைய பேசுவதே இல்லை. எங்கள் பக்கத்து மண்ணில் நடக்கிற கதை என்பதால், ஹெட்போன் போட்டுப் பார்த்தபோது சேவல் கூவியது படத்திலா, பக்கத்து வீட்டிலா என்று ஒரு நொடி குழம்பிவிட்டேன். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். என் தோழி இருபது நிமிடத்தில் தூங்கிவிட்டாள். அவளுக்கு இசை இருந்தாலும் தூக்கம் வரும், அது வேறு கதை.

இப்படியே போனால் நான் பாட்டுக்கு எதிரி என்று நினைப்பீர்கள். அதனால் '96'. 2018. அதில் ராம் படம் முழுக்க ஜானுவை 'யமுனை ஆற்றிலே' பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பான். அவள் வேறு பாட்டெல்லாம் பாடுவாள், இதை மட்டும் பாட மாட்டாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேட்கிறான். கடைசியில் அவன் வீட்டில் கரண்ட் போகிறது, இருட்டில் பாடுகிறாள். அவன் விளக்கைத் தேடி ஓடி வருகிறான். அந்தப் பாட்டு 1991இல் வந்த 'தளபதி' படத்தில் இருப்பது, எனக்கு முன்பே தெரிந்த பாட்டுதான். ஆனால் இரண்டு மணி நேரம் ஒளித்து வைத்து எடுத்துக் கொடுத்தபோது, பத்துப் பத்து நொடியாகத் தள்ளுகிற என் விரல் அப்படியே நின்றுவிட்டது.

எங்கிருந்து தொடங்கலாம்? பத்திரமாகத் தொடங்க 'கைதி'. அடுத்து 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்'. கறுப்பு வெள்ளை என்றால் ஓடிப்போகிறவர்களும் 'அந்த நாள்' படத்துக்குக் கால் மணி நேரம் கொடுங்கள், அதற்குமேல் அதுவே பிடித்து உட்கார வைத்துவிடும். 'வீடு' மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கிற பெரியவரையும் உட்கார வையுங்கள்.

[நாற்காலி இரண்டு. ஒன்றில் துண்டு.]

போன ஞாயிற்றுக்கிழமை தாத்தாவை உட்கார வைத்து 'அந்த நாள்' போட்டேன். பழைய ஆபரேட்டர், இதை எப்போதோ பார்த்திருப்பார் என்று நினைத்தேன். பார்த்ததே இல்லையாம், அவர்கள் கொட்டகைக்கு இது வரவே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துச் சோம்பல் முறித்தார், பாதி எழுந்தார். ஒரு பாட்டு வர வேண்டிய நேரம் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. திரையைப் பார்த்தார். சி.ஐ.டி. அடுத்த ஆளை விசாரிக்கத் தொடங்கியிருந்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். கடைசிவரை எழவில்லை.

படம் முடிந்ததும் எப்படி இருந்தது தாத்தா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"படம் நல்ல படந்தான்த்தா. முறுக்குக்காரன்தான் பாவம்."