ஷட் டவுன் கொடுத்தும் அணையாத கணினி

நேயர்களுக்கு வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதையொட்டி 11-க்கு மாறியவர்கள் நிறையப் பேர். அப்படி மாறியவர்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு புகாரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்: ஷட் டவுன் கொடுத்தால் கணினி அணைய மாட்டேன் என்கிறது. இதற்குப் போய் மதர்போர்டு, அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை, போய்விட்டது, மாற்றுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்கவே கோபமாக வருகிறது. பல நேரம் இது பைசா செலவில்லாமல் வீட்டிலேயே சரியாகிற கோளாறு.

முதலில், அணையவில்லை என்றால் எப்படி அணையவில்லை என்று பாருங்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா, திரை இருண்ட பிறகும் உள்ளே ஃபேன் ஓடி பவர் பட்டனில் விளக்கு எரிகிறதா, இல்லை, முழுக்க அணைந்துவிட்டுத் தானாக மறுபடி எழுந்துகொள்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

திரை இருண்டும் ஃபேன் ஓடுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியை. 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தது இது. இது இயங்கும் கணினியில் நாம் ஷட் டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்கள் மட்டும்தான் உண்மையில் மூடப்படுகின்றன. விண்டோஸின் மையமான கருப்பகுதியும், கணினியின் பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்களான டிரைவர்களும் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கின்றனவோ அப்படியே டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதப்பட்டு, மறுநாள் அங்கிருந்தே திரும்ப எடுக்கப்படுகின்றன. கடைக்காரர் சரக்கை உள்ளே எடுத்து வைக்காமல், மேலே தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போவது மாதிரி. கணினி சீக்கிரம் எழும், உண்மைதான். ஆனால் பழைய விண்டோஸுக்கு எழுதப்பட்ட ஒரு டிரைவர் புதியதில் ஒத்துழைக்காமல் போனால், எல்லாம் பாதியில் நின்றுவிடும். தினமும் இரவில் அணைக்கும் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வின் கீழே அப் டைம் என்று இருப்பதைப் பாருங்கள், பல நாட்களாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும்!

ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் விண்டோஸ் முழுசாக மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். அதனால் ரீஸ்டார்ட் ஒழுங்காக நடந்து ஷட் டவுன் மட்டும் மக்கர் செய்தால், சந்தேகம் வலுக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடியே ஷட் டவுனைக் கிளிக் செய்து பாருங்கள், அப்போது அது முழு ஷட் டவுன். சுத்தமாக அணைந்துவிட்டதா? சரி, ஆள் பிடிபட்டுவிட்டது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், இடப்பக்கம் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் இணைப்பைத் திறந்து, மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வரியைச் சொடுக்கினால்தான் கீழே இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கட்டம் கைக்கு வரும். டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். எழ இன்னும் சில நொடி கூடுதலாகும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி இருந்தால் அதுகூடப் பெரிதாகத் தெரியாது.

அதற்கும் மசியவில்லை என்றால் டிரைவர். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோதும் இதே கூத்துதான், பல லேப்டாப்களில் திரை அணைந்தும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இன்டெல் சிப்களுக்குள் தனியாக இயங்கும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற பகுதிக்கான டிரைவரின் 11-ஆம் பதிப்பை எடுத்துவிட்டு 9 அல்லது 10-ஐப் போட்டதும் பலருக்குச் சரியானது. ஆக, புதியது எப்போதும் நல்லது என்று நினைக்க வேண்டாம். உங்கள் மாடலுக்கென்று லேப்டாப் நிறுவனமே தன் தளத்தில் வைத்திருக்கும் சிப்செட் (மதர்போர்டில் உள்ள முக்கிய சிப்கள்) டிரைவரையும், விண்டோஸுக்கு முன்பே கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருளின் அப்டேட்டையும் போடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பித்துத் தருகிறேன் என்று வரும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

அணைந்து தானாக எழுகிறது என்றால், மூடும் நேரத்தில் ஏதோ ஒன்று நொறுங்கி, விண்டோஸ் தானே ரீஸ்டார்ட் ஆகியிருக்கலாம். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதியில் ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்பதன் டிக்கை எடுத்துவிட்டால், அடுத்த முறை பிழைச் செய்தி திரையிலேயே நிற்கும், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' கொடுத்தும் ரீஸ்டார்ட் ஆன கோளாறு மைக்ரோசாஃப்டுடையதே; 2025 அக்டோபர் இறுதியில் அதற்குத் திருத்தம் வெளியிட்டார்கள், அப்டேட்டுகளைப் போட்டாலே போதும்.

வட்டம் சுற்றுவதற்கு பெரும்பாலும் அப்டேட்தான் காரணம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அரை மணி நேரம்கூட ஆகலாம், காத்திருங்கள். தினமும் சுற்றினால் பிரின்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை முயலுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். திரை இருண்டதுமே சுவிட்ச் போர்டில் பிளக்கை அணைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது அப்படிச் செய்தால் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் அறுந்துபோகும், உங்கள் குழந்தைகளின் படங்களும் அதே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

எதுவுமே பலிக்கவில்லை என்றால், மாறிய 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் ரெகவரி பகுதியில் இருக்கும் 'கோ பேக்' மூலம் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். இடம் அடைக்கிறதே என்று, பழைய விண்டோஸ் வைக்கப்பட்டிருக்கும் விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டரை அதற்குள் அழித்துவிடாதீர்கள், அழித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். நன்றி, வணக்கம்.