அன்றாட மகிழ்ச்சிக்கு ஒரு சிற்றிதழ்: அவசியம்தான்!

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அவையில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

‘அன்றாட மகிழ்ச்சியைப் பேசுவதற்கென்றே ஒரு சிறிய தனி இதழ் தொடங்குவது அவசியமா, வீண் வேலையா?’ இதுதான் இன்றைய தலைப்பு. அவசியம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த வேலையைப் பெரிய இதழால் செய்ய முடியாது. சிறிய இதழால் மட்டும்தான் முடியும். தலைப்பில் ‘சிறிய’ என்றும் ‘தனி’ என்றும் இருக்கிறதே, அந்த இரண்டின் மேல்தான் என் வாதம் முழுக்க நிற்கிறது.

எதிரணித் தலைவர் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் கனமான கேள்வி. ‘உலகத்தில் இவ்வளவு துன்பம் இருக்கும்போது மகிழ்ச்சிக்கென்று இதழ் நடத்துவது கண்ணை மூடிக்கொள்வது ஆகாதா?’ என்று கேட்டார். ஐயா, செய்தி எப்படிச் செய்தியாகிறது என்று கால்டுங், ரூகே என்ற இரண்டு நார்வே ஆய்வாளர்கள் 1965-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் எளிமையான ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள். ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்க எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. விபத்தில் அந்த உயிர் போக ஒரு நொடி போதும். வீடு கட்ட மாதக்கணக்கில் ஆகிறது, அது எரிந்து முடிய ஒரு ராத்திரி போதும். நாளிதழ் தினமும் வருகிறது. ஒரு நாளைக்குள் நடந்து முடிவதுதான் அதன் கைக்கு எட்டும். அதனால் கெட்டது சுலபமாகச் செய்தியாகிவிடுகிறது. நல்லது மெதுவாக நடப்பதாலேயே விடுபட்டுப் போகிறது.

நாளிதழை நான் குறை சொல்லவில்லை. அது செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறது. ஆனால் அந்த வேலையில் தினமும் ஏதோ ஒன்று விடுபடுகிறது இல்லையா? அதை யார் எழுதுவது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற இதழுக்கு அவசரம் கிடையாது. மெதுவாக நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுத அதற்கு நேரம் உண்டு. எதிரணித் தலைவர் சொன்ன துன்பத்தை அந்த இதழ் விலக்கி வைக்கவும் வேண்டாம். படுக்கையில் இருக்கும் மனைவியை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிற ஒருவர், அன்று மதியம் மனைவி வலியில்லாமல் தூங்கிய அரை மணி நேரத்தைப் பற்றி எழுதினால், அது மகிழ்ச்சி இதழின் முதல் பக்கத்தில் வர வேண்டிய கட்டுரை. துன்பம் தெரியாதவர்கள் எழுதுகிற மகிழ்ச்சியை எனக்கும் படிக்கப் பிடிக்காது.

சரி, அன்றாட மகிழ்ச்சிக்கு இவ்வளவு மரியாதை எதற்கு? பெரிய மகிழ்ச்சி வந்தால் போதாதா? 1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரும் உடன் இருந்த இருவரும் அமெரிக்காவில் லாட்டரியில் பெரும் பணம் வென்ற 22 பேரிடம் பேசினார்கள். பரிசு எதுவும் விழாத 22 பேரிடமும் பேசினார்கள். ‘நீங்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?’ என்ற கேள்வியில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறோர் இடத்தில் வந்தது. நண்பரோடு பேசுவது, காலை உணவு சாப்பிடுவது, ஒரு நல்ல ஜோக் கேட்பது மாதிரியான சின்னச் சின்ன விஷயங்களில் எவ்வளவு சந்தோஷம் கிடைக்கிறது என்று கேட்டபோது, லாட்டரி வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் சொன்னார்கள். அந்தச் சின்ன விஷயங்களின் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது, நடுவர் அவர்களே: ஓர் இதழை வாசிப்பது.

சிறிய ஆய்வுதான், அதை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனாலும் அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. இதழ் வாசிப்பது என்பதே மனிதனுடைய அன்றாட மகிழ்ச்சிகளில் ஒன்று. எதிரணியினர் இதை மறந்துவிட்டுப் பேசினார்கள்.

இப்போது ‘தனி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்கள் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. விளம்பர வருமானத்தில் ஓடுகிற ஒரு பெரிய இதழை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் மகிழ்ச்சியைப் பற்றி ஒரு பகுதி இருக்கும், நன்றாகவே எழுதியிருப்பார்கள். ‘உங்களிடம் இருப்பதே போதும், அதைக் கவனியுங்கள்’ என்று அந்தக் கட்டுரை சொல்லும். பக்கத்தைத் திருப்பினால் எதிரில் முழுப்பக்க விளம்பரம். அது என்ன சொல்லும்? ‘உங்கள் முகம் போதாது, உங்கள் வீடு போதாது, உங்கள் வண்டி போதாது.’ இதழுக்குச் சம்பளம் கொடுப்பது அந்த இரண்டாவது பக்கம். ‘போதும்’ என்று வாசகர் உண்மையாகவே நம்பிவிட்டால் அந்தப் பக்கம் விற்காது. எழுதுகிறவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவர் வேலை செய்கிற வீடு அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

‘கைப்பேசியைத் திறந்தால் நல்ல செய்தியும் நல்ல வரிகளும் இலவசமாகக் கொட்டுகின்றன, இதழ் எதற்கு?’ என்று எதிரணியில் அக்கா கேட்டார். அக்கா, அங்கேயும் இதே சங்கடம்தான். நாம் எவ்வளவு நேரம் அதிலேயே இருக்கிறோம் என்பதை வைத்துத்தான் அங்கே வருமானம். மனம் நிறைந்த மனிதர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். அதனால் நிறைவு வருவதற்கு முன்பே அடுத்தது வந்து நின்றாக வேண்டும். இதழ் அப்படி இல்லை. 32-ஆம் பக்கத்தில் முடிந்துபோகும். மூடி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம். வாசகரைத் திருப்பி அவர் வாழ்க்கைக்கே அனுப்பிவைப்பது அச்சிட்ட இதழால் முடிகிற காரியம். சந்தா கட்டிவிட்டார் என்றால் அவர் ஒரு பக்கத்தில் பத்து நிமிடம் நின்றாரா, ஒரு மணி நேரம் நின்றாரா என்று யாரும் கணக்குப் பார்க்கப் போவதில்லை.

வாசகர்களின் காசில் ஓர் இதழ் ஓடுமா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். பிரிட்டனில் ‘பாசிட்டிவ் நியூஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ஆக்கபூர்வமான செய்திகளுக்கென்றே 1993-இல் தொடங்கியது. 2015-இல் வாசகர்களிடமே போய் ‘நீங்களே உரிமையாளர்கள் ஆகுங்கள்’ என்று கேட்டார்கள். 1,500 பேருக்கு மேல் பணம் போட்டுப் பங்குதாரர் ஆனார்கள். இன்று அது வாசகர்களின் கூட்டுறவு நிறுவனம். பெரிய முதலாளி யாரும் வரவில்லை. வாசித்தவர்களே வந்தார்கள்.

அடுத்து, ‘மகிழ்ச்சியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, எல்லோரும் ஒரே உபதேசத்தைத்தான் எழுதுவார்கள்’ என்ற வாதம். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். முதலில் எழுதும்போது எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆசிரியர் என்று ஒருவர் எதற்கு இருக்கிறார்? நண்பர்கள் நடத்தும் ஒரு சின்ன இதழுக்கு வருகிற கடிதங்களை நான் பார்ப்பதுண்டு. ‘என் குடும்பம்தான் என் மகிழ்ச்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி. ஆசிரியர் அதைத் தூக்கிப் போடவில்லை. ‘போன வாரம் எந்த நாள், எந்த நேரம் என்று மட்டும் எழுதுங்கள்’ என்று பதில் போட்டார்.

திரும்பி வந்த கடிதத்தில் இது இருந்தது. செவ்வாய்க்கிழமை இரவு. அப்பாவுக்குக் காது மந்தம், தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துத்தான் பார்ப்பார். கடிதம் எழுதிய மகன் தூங்கப் போனதும் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. என்னவோ ஏதோ என்று எழுந்து போய்ப் பார்த்திருக்கிறார். அப்பா நாற்காலியைத் திரைக்கு மிக அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிட்டு, கீழே ஓடுகிற எழுத்துகளை உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். மகன் தூங்கட்டும் என்று.

அவ்வளவுதான் கடிதம். உபதேசம் ஒரு வரி கூட இல்லை. இதை வாங்கியது அந்த ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இதழ் இருந்தாக வேண்டும். இதழ் இல்லாவிட்டால் அந்தச் செவ்வாய்க்கிழமையை அந்த மகனே மறந்திருப்பார். அப்புறம், இதைப் படித்த வாசகர்கள் தங்கள் வீட்டில் எந்தச் சத்தம் எப்போது குறைகிறது என்று கவனிக்கத் தொடங்கினார்கள். அடுத்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பார்த்ததால் சொல்கிறேன். உபதேசம் எழுதிப் போட்டிருந்தால் இப்படிக் கடிதம் வந்திருக்காது.

சிறிய இதழ் என்றால் எவ்வளவு சிறியது என்பதையும் கேளுங்கள். எட்டு தாள்களை எடுத்து நடுவில் மடித்தால் 32 பக்கங்கள். முதுகில் இரண்டு பின் அடித்தால் இதழ். நடுப்பின் அடிக்கிற இதழின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும் என்பது அச்சுத் தொழிலின் கணக்கு. ஒரே தாளில் 1-ஆம் பக்கமும் 32-ஆம் பக்கமும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகும். அதன் பின்புறம் 2-உம் 31-உம். எந்தத் தாளின் எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் அந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 33. வெள்ளைத் தாளில் டம்மி, அதாவது மாதிரி இதழ், மடித்து, பக்க எண்களைப் பென்சிலால் எழுதிப் பிரித்துப் பார்க்கும்போது எண்கள் தாறுமாறாகக் கிடக்கும். மறுபடி மடித்தால் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். பெரியவர்களும் அதை இரண்டு மூன்று தடவை பிரித்துப் பிரித்து மடிப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே வைக்கிற தாள்கள் மடிப்பின் கனத்தால் கொஞ்சம் வெளியே துருத்தும், அதனால் நடுப்பக்கங்களில் ஓரம் கூடுதலாக விட வேண்டும். இந்த வேலையைத் தெரிந்துகொண்டு செய்கிற நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்த மாலையும் அன்றாட மகிழ்ச்சிதான். இதழ் யார் கைக்கும் போய்ச் சேருவதற்கு முன்பே நான்கு பேருக்கு அது வேலை செய்துவிட்டது. இதை வீண் வேலை என்று எப்படிச் சொல்வது?

கடைசியாக எதிரணித் தம்பி பேசியது. ‘சில நூறு பிரதிகள் அச்சிடுவார்கள், நான்காவது இதழோடு நின்றுபோகும், இதனால் எதுவும் மாறாது’ என்றார். தம்பி, எண்ணிக்கையை வைத்துச் சிற்றிதழை அளந்தால் நம் மொழியில் நடந்த பெரிய மாற்றம் ஒன்றே கணக்கில் வராமல் போகும். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். மிகக் குறைந்த பிரதிகள், எப்போதும் பணக் கஷ்டம். 1970-இல் நின்றது. ஆனால் தமிழில் புதுக்கவிதை வேர் பிடித்தது அந்தப் பக்கங்களில். அன்று அதை வாங்கியவர்களைவிட அதனால் எழுத வந்தவர்களின் கூட்டம் பெரியது. இன்று கைப்பேசியில் நான்கு வரிக் கவிதை எழுதுகிற பிள்ளைக்கும் அந்த இதழோடு உறவு இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

நின்றுபோவதைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. நான்கு இதழ் வந்து நின்றது என்றால் நான்கு இதழ் வந்திருக்கிறது. 128 பக்கங்களில், யாரும் எழுதி வைக்காமல் போயிருக்கக்கூடிய 128 பக்க வாழ்க்கை பதிவாகியிருக்கிறது. ஓர் இதழ் நூறு வருடம் ஓடினால்தான் தொடங்கலாம் என்று யாராவது நிபந்தனை போட்டிருக்கிறார்களா? சக்தி இருக்கும்வரை நடத்தலாம். முடியாதபோது ‘இதுவே கடைசி இதழ்’ என்று வாசகர்களிடம் முறையாகச் சொல்லி, மீதிச் சந்தாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிறுத்தலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை. நின்ற இடத்திலிருந்து வேறு யாரோ இன்னொன்று தொடங்குவார்கள், சிற்றிதழ்கள் எப்போதும் அப்படித்தான் வந்திருக்கின்றன.

தபால் செலவு, தாள் விலை, எத்தனை சந்தா இருந்தால் கையைக் கடிக்காது என்று எதிரணி எழுப்பிய கணக்குகளுக்கு எங்கள் அணியின் அடுத்த பேச்சாளர் பதில் சொல்லுவார். கணக்கு அவரிடம் எழுதியே இருக்கிறது. நான் சொன்னவற்றில் அந்த முழுப்பக்க விளம்பரத்தையும் செவ்வாய்க்கிழமைக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.