சிவப்பு நாக்கு நீட்டும் கேமரா

நேயர்களுக்கு வணக்கம். நான் இன்று ஒரு பழைய கேமராவோடு வந்திருக்கிறேன். ஒலிம்பஸ் பென் ஈஈ. 1961-ல் ஜப்பானில் வெளியான மாடல். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பேனாவைப் போல எங்கும் கொண்டுபோகலாம் என்றுதான் 'பென்' என்று பெயர்.

ஒலிம்பஸ் தொடங்கியது கேமராவோடு அல்ல, மைக்ராஸ்கோப்போடு. 1919-ல் வைத்த பெயரும் வேறு, தகாச்சிஹோ. ஜப்பானியப் புராணத்தில் தேவர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் மலை அது. வெளிநாட்டாருக்கும் வாயில் நுழையட்டும் என்று கிரேக்கத் தேவர்களின் மலையான ஒலிம்பஸைப் பிடித்தார்கள். முதல் கேமரா 1936-ல்தான்.

பென் வரிசையை உருவாக்கியவர் யோஷிஹிசா மைதானி. 1956-ல் வேலைக்குச் சேர்ந்த இளைஞர். ஆறாயிரம் யென்னுக்கு விற்கக்கூடிய கேமரா செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் லென்ஸ் மட்டும் உயர்தரமாக இருக்க வேண்டுமாம்! கடைசியில் பணமெல்லாம் லென்ஸுக்கே போய்விட்டது. மிச்சமிருந்ததை வைத்து மற்ற பாகங்களைச் செய்தாக வேண்டும். பிலிமை நகர்த்த நெம்புகோல் வைத்தால் செலவு. சரி, பின்பக்கம் ஒரு பல்சக்கரம் போதும், கட்டைவிரலால் தள்ளிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அந்த 'கர்ர்' சத்தம்தான் எனக்குப் பிடித்தது. ஒலிம்பஸ் தொழிற்சாலையில் இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட்டதால், முதலில் வெளியே கொடுத்துத்தான் தயாரித்தார்கள். 1959-ல் முதல் பென் கடைக்கு வந்தது.

பிலிமில் வழக்கமாக ஒரு படம் விழும் இடத்தில், அதாவது பிரேமில், பாதிதான் இதில் ஒரு படத்துக்குச் செலவாகும். 36 படம் எடுக்கும் ரோலில் 72 எடுக்கலாம். கேமராவை நேராகப் பிடித்தால் படம் நெட்டுவாக்கில் விழும். சிக்கனம்தான், ஆனால் என்னைப் போன்ற ஆளுக்கு ஒரு ரோல் முடிவதற்குள் இரண்டு பொங்கல் வந்துபோய்விடும்.

ஈஈ மாடலுக்கு பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றிக் கண்ணாடிக் குமிழ்களாகத் தெரிகிறதே, அதற்குப் பின்னால் செலினியம் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதுவே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கும், உள்ளே ஒரு முள் அசையும். பட்டனை அழுத்தும்போது அந்த முள் நிற்கும் இடத்தைப் பொறுத்து லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்கும் என்பது முடிவாகும். நாம் எதையும் திருப்ப வேண்டாம். வெளிச்சம் போதாவிட்டால் படமே எடுக்காது. பார்க்கும் கண்ணாடிக்குள் சிவப்பாக ஒரு நாக்கை நீட்டிவிடும்.

பழைய ஈஈ வாங்கப் போகிறவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். லென்ஸைக் கையால் மூடி அழுத்துங்கள். நாக்கு வராமல் படம் எடுத்துவிட்டால் யோசியுங்கள்.

இதோ, மைக் பக்கத்தில் வைத்து, மூடிக்கொண்டு அழுத்துகிறேன்... ஒன்றும் கேட்டிருக்காது. இப்போது கையை எடுத்து, இந்த மேசை விளக்குக்கு நேராக... 'டிக்'. கேட்டதா?